பழைய மோட்டாரும் பெயர் மாற்றமும்

புது மோட்டார் வண்டிக்கு விலை ஒன்றுதான். பழைய வண்டிக்கோ மூன்று விலைகள் உண்டு: விற்பவர் மனத்தில் இருக்கும் விலை, வாங்குபவர் மனத்தில் இருக்கும் விலை, தரகர் மனத்தில் இருக்கும் விலை. இவற்றுள் பெரும்பாலும் ஜயிப்பது மூன்றாவதே என்பதை அநுபவசாலிகள் அறிவார்கள். இதற்காகத் தரகரை நொந்து பிரயோஜனமில்லை. விலை எப்படி ஏற்படுகிறது என்பதை அவர் தெரிந்து வைத்திருக்கிறார்; மற்ற இருவரும் தெரிந்துகொள்ள முயல்வதில்லை.

பழைய வண்டியின் விலை அந்த வண்டியில் இல்லை. புது வண்டியின் விலையில் இருக்கிறது. நமது நாட்டில் ஒரு காலத்தில் இது தலைகீழாகக்கூட நடந்தது. அம்பாஸடர், பியட், சென்னைப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய இரண்டு மூன்று வண்டிகளை விட்டால் வேறு கதியில்லாத 1960, 1970-ம் ஆண்டுகளில், புது வண்டிக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாத கனவான்கள், புது வண்டிக்குச் சர்க்கார் அநுமதித்த விலைக்கு மேலேயே கொடுத்துப் பழைய வண்டியை வாங்கிப் போனார்கள். உபயோகிக்க உபயோகிக்க விலை ஏறுகிற வஸ்து, நல்ல வீணையைத் தவிர, உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, பிறகு பல கம்பெனிகளும் வந்து சேர்ந்த பின்னர்தான் இந்த வேடிக்கை நின்றது.

இப்போது நிலைமை நேர்மாறானது. 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி, சிறிய கார்களின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது, மேல்வரியும் போயிற்று. வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய வண்டிகளுக்கும் அதன் பலன் கிட்டியது. அதாவது, ஒரு பர்லாங்குகூட ஓடாமல் அவற்றின் மதிப்பு இறங்கிற்று! ஆகையால் பழைய வண்டி வாங்கப் புறப்படுகிறவர் முதலில் செல்ல வேண்டிய இடம் புது வண்டிக் கடை. அதே வண்டி இன்று புதிதாக என்ன விலை என்று கேட்டுக்கொண்டு, பிறகு தரகரிடம் போகலாம். "வாங்கினபோது நான் இத்தனை லக்ஷம் கொடுத்தேனாக்கும்" என்று விற்பவர் சொல்வதெல்லாம் சரித்திர ஆராய்ச்சிக்குத்தான் உதவும்.

பேரத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பார்க்கலாம். வண்டிக்கு வயது ஒன்று நிறைவதற்குள்ளேயே 15 சதவிகிதம் தேய்மானம், இரண்டாம் வருஷத்தில் 20, மூன்றாம் வருஷத்தில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50. சந்தை இந்தக் கணக்கின்படி அப்படியே நடப்பதில்லை. எல்லோரும் விரும்பும் வண்டி இதற்கு மேலே விலைபோகும். உதிரிச் சாமான் கிடைக்காத வண்டி இதற்கும் கீழே போகும். ஆனாலும் வாயால் அளப்பதைவிட இது மேல்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. டிசம்பர் மாதத்தில் தயாரான வண்டி பிப்ரவரியில் பதிவாகியிருக்கும். விற்பவர் பதிவான வருஷத்தைச் சொல்வார். சந்தை தயாரான வருஷத்தைத்தான் மதிக்கும். இரண்டும் ஆர்.சி. புஸ்தகத்திலேயே இருக்கின்றன.

அடுத்தாற்போல், வண்டியின் தினுசுகள். ஒரே வண்டிக்கு எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இஸட்.எக்ஸ்.ஐ. என்று பரீக்ஷைப் பட்டங்களைப் போல எழுத்துக்கள் சேர்த்து, மேலே போகப் போகச் சௌகரியங்களையும் விலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்கும்போது இந்தப் பட்டங்களுக்கு இடையே பெரிய விலை வித்தியாசம். ஏழெட்டு வருஷம் ஆனதும் அந்த வித்தியாசம் கரைந்து போகிறது. ஆகவே பழையதில் மேல் தினுசை வாங்குவது புத்திசாலித்தனம் என்பது நமது அபிப்பிராயம். பாட்டுப் பெட்டியையும் பளபளப்பான சக்கரங்களையும் உத்தேசித்து இதைச் சொல்லவில்லை. மோதலின்போது உயிரைக் காக்கும் காற்றுப்பை, வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலை 1-ம் தேதியிலிருந்துதான். பக்கத்தில் உட்காருகிறவருக்கு அது எல்லா வண்டிகளிலும் கட்டாயமாக 2021-ம் வருஷம் முடிய வேண்டியிருந்தது. அதற்கு முந்திய வண்டிகளில், கீழ்த் தினுசென்றால் அநேகமாக அது இராது. பத்தாயிரம், இருபதாயிரம் மிச்சம் பிடிப்பதற்காக இந்த ஒன்றை விட்டுக்கொடுக்குமாறு எந்தக் குடும்பத்துக்கும் நாம் சொல்ல மாட்டோம்.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம் கலப்பதைப் பற்றியும் பலர் விசாரப்படுகிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் அதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. அதற்கு முந்தியதாயின், வண்டியோடு கொடுத்த கைப்புஸ்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும். பதினைந்து வயதை நெருங்கும் வண்டியானால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. மற்றபடி பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த இடத்தையும், திருப்பி வைத்த கிலோமீட்டர் கணக்கையும் கண்டுபிடிப்பது நல்ல மெக்கானிக்கின் வேலை. அவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவதே சரி.

ஆனால் எந்த மெக்கானிக்கும் பார்க்க முடியாத பாகம் ஒன்று இருக்கிறது. அது காகிதம். நம்மவர்கள் என்ஜினைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருகிறார்கள். பெயர் மாற்றுவதை மட்டும் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதனால் வாங்கியவருக்குத்தான் கஷ்டம் என்று விற்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார். உண்மையில் தூக்கம் கெட வேண்டியவர் அவரே.

வடநாட்டில் ஒரு கிராமத்தில் 2009-ம் வருஷம் மே மாதம் 27-ம் தேதி மாலை, ஒரு பெண்மணியும் அவருடைய உறவுப் பிள்ளை ஒருவரும் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாக வந்த ஒரு மாருதி 800 அவர்கள் மீது மோதியது. அந்தப் பிள்ளை அங்கேயே இறந்து போனார். வண்டியோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே விற்கப்பட்டு, அதன் பிறகும் கை மேல் கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் இருந்த பெயர் முதலில் விற்றவருடையதே. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். ஹைக்கோர்ட்டு பதிவில் இருந்தவரை விடுவித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்பை மாற்றியது: சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்பவர் பதிவில் பெயர் உள்ளவரே, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வண்டி யார் யாரிடம் போயிற்று என்று தேடிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு விற்றவருக்குக் கடுமையாகத் தோன்றலாம். இறந்தவரின் குடும்பத்தாருடைய இடத்தில் நின்று பார்த்தால் வேறு எவ்விதம் தீர்ப்புச் சொல்ல முடியும்?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாகாணத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் தகவல் கொடுக்க வேண்டும். அதற்கு 29-ம் எண் பாரம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் 30-ம் எண் பாரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணும் நாளும் ஒன்றாக அமைந்திருப்பது ஞாபகத்துக்குச் சௌகரியம். பாங்கிக் கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்தால் மட்டும் போதாது. 35-ம் எண் பாரத்தைக் கொடுத்து ஆர்.சி.யிலிருந்தும் பாங்கியின் பெயரை நீக்க வேண்டும். வியாபாரியிடம் விற்கிறவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு பாதுகாப்பு ஏற்பட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, 29-சி பாரத்தில் தகவலும் கொடுத்துவிட்டால், மறுபடி விற்கும் வரையில் வியாபாரியே சொந்தக்காரராகக் கருதப்படுவார். அங்கீகாரம் உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்ஷூரன்ஸிலும் பாதிதான் தானாகக் கைமாறுகிறது. தெருவில் போகிற மூன்றாமவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பகுதி வண்டியோடு புதிய சொந்தக்காரருக்குப் போய்விடும். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி, 14 நாட்களுக்குள் கம்பெனியில் பெயரை மாற்றிக்கொண்டால்தான் அவருக்கு உதவும். க்ளெயிம் கேட்காமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் தள்ளுபடி, ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம் வரையில் வளரக்கூடியது. அது வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. விற்றவர் அதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்குள் தம்முடைய அடுத்த வண்டிக்கு உபயோகிக்கலாம். "அந்தத் தள்ளுபடியையும் வண்டியோடு சேர்த்துத் தருகிறோம்" என்று எந்தத் தரகராவது சொன்னால், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.