உதகைக்கு வேண்டியது இன்னொரு கண்காட்சிப் பூங்கா அல்ல

கோடை தொடங்கிவிட்டால் உதகையைப் பற்றிய பேச்செல்லாம் இரண்டு கணக்குகளுக்குள் அடங்கிவிடுகிறது. மலைக்கு எத்தனை வாகனங்கள் ஏறின என்பது ஒன்று. மலர்க் கண்காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது மற்றொன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. வேண்டிய கட்டுப்பாடுதான். ஆனால், அது மேலே வருகிறவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. வந்தவர்களும், 2011 கணக்கெடுப்பின்படி 88,430 பேராக இருக்கும் ஊர்க்காரர்களும் காலாற நடக்க, உட்கார, பிள்ளைகளை ஓடவிட எங்கே போவது என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

பசுமைக்கா பஞ்சம் என்று கேட்கலாம். 1848-இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் தொட்டபெட்டாவின் சரிவில் விரிந்து கிடக்கிறது. 1995-இல் ரோஜா பூங்கா வந்தது. படகு இல்லம் இருக்கிறது. எல்லாம் அழகுதான், எல்லாமே நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிற அழகு. மலர்க் கண்காட்சி நெருங்கினால் தாவரவியல் பூங்காவின் பெரிய புல்தரையில் கால் வைக்கவும் முடியாது. வரப்போகிற கூட்டத்துக்காகப் புல் வளர வேண்டும். நெருக்கமாக வீடுகள் அடைந்த காந்தல் போன்ற பகுதிகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மைதானம், வண்டி வராத நேரத்துச் சந்துதான். சுற்றிலும் மலை, நடுவில் விளையாட இடமில்லை.

இந்தப் பின்னணியில்தான் குதிரைப் பந்தய மைதானத்தைப் பார்க்க வேண்டும். 1886 முதல் பந்தயம் நடந்துவந்த இடம் அது. குத்தகை பாக்கி தொடர்பான நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2024 ஜூனில் சுமார் 52 ஏக்கர் நிலத்தை அரசு தன் வசம் எடுத்தது. அங்கே சூழல் பூங்கா அமைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஊரின் நட்டநடுவே இவ்வளவு பெரிய வெட்டவெளி பொதுக் கைக்குத் திரும்புவது மலை நகரங்களில் எளிதில் நடக்கிற காரியம் அல்ல. அதனாலேயே, என்ன செய்யப்போகிறோம் என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

அந்த நிலம் எப்படிப்பட்டது? ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1824-இல் உருவாக்கிய ஏரி இன்றிருப்பதைவிடப் பெரியது. அது சுருங்கிய இடத்தில்தான் பேருந்து நிலையமும் பந்தய மைதானமும் வந்தன. ஊர் ஒரு கிண்ணம் என்றால், மைதானம் அதன் அடிப்பகுதி. சுற்றுச் சரிவுகளில் பெய்கிற மழையெல்லாம் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரியை நோக்கி இறங்குகிறது. வீடுகளும் விடுதிகளும் கான்கிரீட் முற்றங்களும் பெருகியபின், சரிவில் ஊற வேண்டிய நீர் ஊறாமல் ஓடி வருகிறது. பலத்த மழை ஒரு மணி நேரம் பெய்தால் போதும். ரயில் பாலத்தின் அடியில் கார்கள் பாதி முழுகி நிற்கும், கால்வாய் நீர் சாலைக்கு வரும், பந்தய மைதானம் மறுபடி ஏரியாகும். மழை விட்ட மறுநாள் அந்தப் புல்லில் கால் வைத்தால் குதிங்கால் அமிழும். எடுத்த தடத்தில் நீர் ஊறி நிறையும். நிலம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படிப்பட்ட இடத்தில் மண் கொட்டி மேடாக்கி, நடைபாதைக்குக் கல் பதித்து, நீரூற்றும் செல்ஃபி மேடையும் உணவகமும் கட்டினால் பெயர் சூழல் பூங்காவாக இருக்கலாம். விளைவு வெள்ளமாகத்தான் இருக்கும். பசுமையாக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்திலேயே நீலகிரி ஒருமுறை அடிபட்டிருக்கிறது. சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த மலை இது. புல்வெளியைத் தரிசு என்று கருதி அங்கே சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். இன்று சீகையை வெட்டி அகற்றி, பழைய புல்லைத் திரும்ப வளர்க்க வனத்துறை பாடுபடுகிறது. மழையை வாங்கி வைத்து ஓடைகளுக்கு மெல்லக் கொடுப்பது அந்தப் புல்வெளிகள்தான் என்பது காலம் கடந்து புரிந்த பாடம். ஊருக்கு நடுவில் இருக்கிற புல்லுக்கும் அதே பாடம் பொருந்தும்.

ஊருக்கு வெளியே நடக்க விரும்புகிறவர்களுக்கு ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை, முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம் என்ற ஏற்பாட்டோடு திறந்தது. உதகைக்கு அருகிலுள்ள கேர்ன்ஹில்லும் கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் அவற்றில் அடங்கும். பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களும் வழிகாட்டிகளாவது வரவேற்கத்தக்கது. ஆனால், முன்பதிவு செய்து போகிற மலையேற்றம், தினமும் மாலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டிய சர்க்கரை நோயாளிக்கு உதவாது. காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வீட்டு வாசல் வரை வருகிற ஊரில், விடியற்காலையில் தனியாகச் சோலைப் பக்கம் நடக்கச் சொல்லவும் முடியாது. நகருக்குள்ளேயே பாதுகாப்பான, கட்டணமில்லாத திறந்தவெளி வேண்டும் என்பதற்கு இவையே காரணங்கள்.

இவ்வளவு மதிப்புள்ள நிலத்தைச் சும்மா போட்டுவைப்பதா, சீசனில் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால், வெள்ளத்தை வாங்கி வைக்கிற நிலம் சும்மா கிடக்கிற நிலம் அல்ல. பள்ளத்தை வாகன நிறுத்தமாக்கினால் கார்களை ஊருக்குள்ளேயே இழுத்துக்கொண்டதாகும். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றுப் பேருந்தில் வரச் செய்வதே மலை நகருக்கு ஏற்ற வழி. சீசனில் அதற்கான முன்னனுபவமும் நிர்வாகத்துக்கு உண்டு.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. மைதானத்தின் நடுப்பகுதியைச் சதுப்பும் புல்லுமாக விட்டுவிட வேண்டும். மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டலாம். குதிரைகள் ஓடிய சுற்றுப்பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதை மண் பாதையாகவே நடப்பவர்களுக்குத் திறந்துவிடலாம். ஒரு மூலையைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒதுக்கலாம். கட்டடம் கூடாது, கட்டணம் கூடாது என்பதை அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். வரைபடத்தை இறுதி செய்யும் முன் உதகை மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். வேடிக்கை பார்க்க உதகையில் ஏற்கெனவே போதுமான பூங்காக்கள் இருக்கின்றன. இந்த 52 ஏக்கரையாவது ஊர்க்காரர்களுக்கும் மழைக்கும் விட்டுவையுங்கள்.