நாலு விரல் இறக்கம்

‘சஸ்பென்ஷன்’ என்ற வார்த்தையைக் கேட்டால் அரசாங்க ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாதிச் சம்பளம், முழு அவமானம். போன வருஷம் அதே வார்த்தை என் வயிற்றையும் கலக்கியது. இத்தனைக்கும் நான் எந்த ஆபீஸிலும் வேலை பார்க்கவில்லை. கலக்கியது கார் சஸ்பென்ஷன்!

கல்லலில் என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்விஃப்ட். இரண்டாவது கையில் வாங்கியது. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டர். டயருக்கு மேலே நாலு விரல் தாராளமாக நுழையும். செல்போனில் பார்க்கிற கார்களெல்லாம் ரோட்டை முத்தமிட்டுக்கொண்டு போக, நம் வண்டி மட்டும் மழைக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிய மாதிரி நிற்கிறதே என்று ஒரு ஏக்கம். (முப்பத்தைந்து வயதில் வரக்கூடாத ஏக்கம்தான். வந்துவிட்டது.)

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் தைரியம் சொன்னார். “ஸ்பிரிங்ல ஒண்ணரைச் சுத்து வெட்டிரலாம்ணே. ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்.”

வெட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. வண்டி நாலு சென்டிமீட்டர் இறங்கியது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு ரவுண்டு வந்தேன். தெரிந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜென்ம சாபல்யம்.

அப்பத்தாவுக்கு மூட்டுவலி. வாராவாரம் காரைக்குடிக்கு அழைத்துப் போய் பிசியோதெரபி செய்ய வேண்டும். அந்த வாரமும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் உள்ள வேகத்தடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியன் ரோடு காங்கிரஸ் 1988-ல் ஒரு அளவு வைத்தது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். யானை முதுகு மாதிரி நிதானமாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் பக்கம் பல இடங்களில் உயரத்தைத் தாராளமாகவும் அகலத்தைச் சிக்கனமாகவும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ‘டங்’. ஒவ்வொரு ‘டங்’குக்கும் பின்னாலிருந்து ஒரு ‘முருகா’.

அடுத்த வாரம் அப்பத்தா பஸ்ஸில் போய்விட்டது. கேட்டால், “நீ வேலையா இருப்ப, உன்னை எதுக்கு இழுத்தடிக்கணும்” என்றது. அதற்கடுத்த வாரமும் பஸ். மூன்றாவது வாரம் விடாமல் கேட்டதும்தான் உண்மை வந்தது: “ஏப்பு, நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வில்வண்டியில வந்தேன். அந்த மாட்டுவண்டிகூட இப்படிக் குத்தலப்பா.”

செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கோயம்புத்தூருக்கு வண்டியை ஓட்டினேன். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர், ரேஸ் கார் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. நண்பர் அறிமுகப்படுத்திய மெக்கானிக், வண்டியைப் பார்க்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்க, பின் சீட்டுல யாருங்க உக்காருவாங்க?”

இந்தக் கேள்வியை முதல் மெக்கானிக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கினார். சக்கரம் மேலே ஏற ஒரு குறிப்பிட்ட இடம்தான் உண்டு. அதற்கு அப்புறம் ‘பம்ப் ஸ்டாப்’ என்கிற ரப்பர் கட்டை. அந்த இடம் எட்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சென்டிமீட்டர் இறக்கியாச்சு, மீதி நாலு. பின்னால் மூன்று பேர் ஏறினால் இன்னொரு மூன்று போச்சு. கையிருப்பு ஒன்று! அந்தக் கையிருப்போடு வேகத்தடையில் ஏறினால் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை, ரப்பர் கட்டைதான் அப்பத்தாவின் முதுகோடு பேசும்.

வெட்டுவதால் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகும் என்பது வாஸ்தவம். ஆறு சுற்றில் ஒன்றரை போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் குத்தியது அந்த விறைப்பு அல்ல, அந்தக் கட்டை. போதாததற்கு, வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நகர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

“அப்போ இறக்கவே கூடாதா?” என்றேன், அழாத குறையாக.

“இறக்கலாமுங்க. இரண்டரை சென்டிமீட்டர். அதுக்கு மேல கேக்காதீங்க.”

வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் வண்டி விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று தெரியும். 16 சென்டிமீட்டர் என்றால் 1.25. சாதாரணக் காருக்கு 1 முதல் 1.5 வரை சுகம். கம்பெனி தயாரிக்கும் இறக்க ஸ்பிரிங் 25 சதவிகிதம் விறைப்பாக இருந்தால் அந்த 1.25 சுமார் 1.4 ஆகும். உடம்பு தாங்கும். இதில் ‘புரோகிரஸிவ்’ என்று ஒரு ரகம்: முதலில் மெத்தென்று அமுங்கி, போகப் போக முறைக்கும். கிட்டத்தட்ட மாமனார் மாதிரி.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி என்ற இன்ஜினீயர் கண்டுபிடித்த விஷயம் இது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் லேட். அதனால் பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தைப் பிடிக்கும், வண்டி ஏற்றம் இறைக்காது. முன்னால் மட்டும் மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

அடுத்தது ஷாக் அப்சர். பேர்தான் அப்படி. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். இது அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயால் அடக்குகிற ஆசாமி. மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் வண்டி ஒரு தரம் எழும்பி அடங்க வேண்டும். என்னுடையது நாட்டியமே ஆடியது. நாலும் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. வளைவில் படகு மாதிரி சாய்கிறதே, இறக்கினால் சரியாகும் என்று நான் நினைத்ததில் பாதிக் குற்றம் இவற்றுடையதுதான்! விறைப்பான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக் அப்சரால் அடக்க முடியாது. உயரம் குறைந்தால் அதன் நீளமும் குறைய வேண்டும். பில்ஸ்டைன் கம்பெனி இதற்காகவே இரண்டு ரகம் வைத்திருக்கிறது: சாதாரண உயரத்துக்கு பி6, இறக்கிய வண்டிக்கு பி8. எந்த கம்பெனியானாலும் உங்கள் வண்டிக்கென்றே செய்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய உயரத்திலேயே புது ஷாக் அப்சர் போட்டுக்கொண்டு சும்மா இருங்கள். அதுவே பாதி சந்தோஷம்.

மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கம் தேய்ந்துபோகும். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுவது நல்லது. நான் இந்த முறை கேட்டேன். முதல் முறை கேட்கவில்லை என்பதை இங்கே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

செலவு? மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பதால் சொல்வதற்கில்லை.

இப்போது டயருக்கு மேலே இரண்டரை விரல் நுழைகிறது. பையன்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்பத்தா, பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தது. காரைக்குடி வரைக்கும் ‘முருகா’ வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தேன். “சுகமாத்தான் இருக்கு. ஆனா ஏப்பு, வண்டி குழிக்குள்ள இருக்கே, எந்திரிக்க முடியல. கையக் குடு.”