அம்பாசடருக்குப் புது காயில் மாட்டலாமா?

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அதை ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில்தான். அதன் மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பரிமாறுகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அந்த ஒரே காயில் விநாடிக்கு 100 பொறி தரணும். பிளக்குக்கு ஒரு காயில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 25தான்! அடுத்த பொறிக்குத் தயாராக நேரம் கிடைக்கும். பொறியும் வலுவாக இருக்கும். தேய்கிற பாயிண்ட் கிடையாது. ஈரத்தில் மக்கர் பண்ணும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் கிடையாது.

"பழசைக் கெடுக்காதே" என்பார்கள் சிலர். தினமும் ஓடும் வண்டிக்குத் தாராளமாக மாட்டலாம் என்பதே என் கருத்து. ஆனால் காயில் மட்டும் போதாது. கிராங்க், கேம் ஷாஃப்டுகளின் நிலையைச் சொல்லும் சென்சார்களும், பொறி விடும் நேரத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டரும் வேணும். அந்தக் கம்ப்யூட்டர் நடுரோட்டில் படுத்துவிட்டால்? பாயிண்ட் என்றால் உப்புத்தாளில் தேய்ச்சு, சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வெச்சா பெரும்பாலும் வண்டி கிளம்பிடும்!

அதனால், கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரையும் பழைய காயிலையும் காயலான் கடையில் போடாதீங்க, டிக்கியில் வையுங்க. அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கத்துக்குங்க. பொருளைப் பத்திரப்படுத்தி, கைவேலையைத் தொலைச்சுட்டா என்ன பயன்? சிந்திப்போம்!