பாட்டு மட்டுமா நிற்கிறது?

"திரை கறுத்துப்போச்சா? அதனால என்னங்க, பாட்டுதானே நின்னுச்சு! ரீஸ்டார்ட் பண்ணுங்க, வந்துடும். இல்லாட்டி அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க." மின்சார கார் வைத்திருக்கும் பலர் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் வேறு கணினிகள் உண்டு, திரை அணைந்தாலும் வண்டி ஓடும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அது உண்மை. மற்றதெல்லாம் விற்பனையாளர்கள் நமக்கு ஊட்டிவிட்ட நம்பிக்கை.

அந்தத் திரை எப்போதோ ரேடியோவாக இருப்பதை நிறுத்திவிட்டது. ரிவர்ஸ் கேமரா அதில்தான் தெரிகிறது. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் பொத்தான் அதற்குள் இருக்கிறது. சில கார்களில் வைபரின் வேகமும், இன்னும் சிலவற்றில் வண்டியின் வேகமும்கூட அங்கேதான். செலவைக் குறைக்கவும் உள்ளே அழகாகத் தெரியவும் ஸ்விட்சுகளைப் பிடுங்கி எல்லாவற்றையும் சினிமாவும் கேமும் ஓடும் பெட்டிக்குள் திணித்துவிட்டு, அதை இன்னமும் பொழுதுபோக்குச் சாதனம் என்று சொல்வது ஏமாற்று வேலை.

டெஸ்லாவின் கதையைப் பாருங்கள். 2018 வரை வந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி இருந்தது. அதன் ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 3,000 முறைதான் அழித்து எழுத முடியும். காரோ ஓடும் ஒவ்வொரு நாளும் அதில் எதையாவது எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு வருடங்களில் மெமரி தேய்ந்து திரை செத்தது. கூடவே ரிவர்ஸ் கேமரா போனது, பனிமூட்டத்தை நீக்கும் வசதி போனது, இண்டிகேட்டர் சத்தமும் ஆட்டோபைலட்டின் எச்சரிக்கை ஒலியும் போயின. பின்னோக்கி வரும் காரில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2018 மே முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் கேமரா கட்டாயம் ஆனது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

2021 ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை சுமார் 1,58,000 கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது. அதற்கு முன்பே டெஸ்லா அப்டேட்டுகள் அனுப்பிப் பார்த்திருந்தது. அவை போதாது என்றது துறை. சுமார் 1,35,000 கார்களுக்கு டெஸ்லா ஒப்புக்கொண்டது. அப்போதும், இப்படி ஒரு பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றே வாதாடியது. லட்ச டாலருக்கு விற்ற காரைப் பற்றிய பேச்சு இது! தேய்ந்த மெமரியை எந்த அப்டேட்டும் புதிதாக்கவில்லை. பணிமனைக்கு வரவழைத்து, பலகையைக் கழற்றித்தான் மாற்ற வேண்டியிருந்தது.

2022 மே மாதம் இன்னொன்று. ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது திரைக் கணினியின் சிப் சூடேறி, திரை திணறலாம் அல்லது அணைந்துபோகலாம் என்று சுமார் 1,30,000 டெஸ்லா கார்கள் ரீகால் பட்டியலில் சேர்ந்தன. இது அப்டேட்டில் சரியானது, மறுக்கவில்லை. ஆனால் அப்டேட் வரும்வரை அந்தக் கார்களெல்லாம் கொட்டகையில் நிற்கவில்லை, சாலையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கோளாறு என்றால் திரை அணைவது மட்டுமல்ல. வேண்டாத நேரத்தில் வேலை செய்வதும் கோளாறுதான். வண்டி ஓடும்போதே முன் திரையில் கேம் ஆட டெஸ்லா வழிவிட்டிருந்தது. 2021 டிசம்பரில் விசாரணை தொடங்கிய பிறகுதான் அதைப் பூட்டியது. 'பூம்பாக்ஸ்' என்று ஒரு வேடிக்கை: காருக்கு வெளியே ஆட்டுச் சத்தமோ பாட்டோ கேட்கும். மின்சார கார் ஓசையில்லாமல் வருவதால், பார்வையற்றோரும் பாதசாரிகளும் அறிந்துகொள்ள எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். பூம்பாக்ஸ் அந்த ஒலியையே மூழ்கடிக்கும் என்று 2022 பிப்ரவரியில் சுமார் 5,78,000 கார்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. இதையும் 'பாட்டுதானே' என்று விட்டுவிடலாமா?

ஜெர்மனியில் ஒருவர் கொட்டும் மழையில் டெஸ்லாவின் வைபர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய்ச் சாலையை விட்டு விலகி மோதினார். 2020இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதிசெய்தது. வைபரின் வேகத்தைத் திரைக்குள் ஒளித்துவைத்தது நிறுவனம். தண்டம் கட்டியது ஓட்டுநர்.

டெஸ்லாவை மட்டும் திட்டி என்ன பயன்? 2023 டிசம்பரில் செவ்ரோலே பிளேசர் மின்சார காரின் விற்பனையையே மென்பொருள் கோளாறுகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திவைத்தது. பாதுகாப்புக்குப் பேர்போன வால்வோ, 2024இல் சுமார் 72,000 இஎக்ஸ்30 கார்களைத் திரும்ப அழைத்தது. வண்டியைக் கிளப்பும்போது திரை சோதனை நிலைக்குப் போய்விடக்கூடும் என்பது காரணம். அந்தக் காரில் வேகத்தைக் காட்ட வேறு மீட்டரே கிடையாது.

நம் ஊர்க்காரர்கள் இதை அமெரிக்கச் செய்தி என்று ஒதுக்க முடியாது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட், 2023 மே மாதம் அமெரிக்காவில் 999 விஎஃப் 8 கார்களைத் திரும்ப அழைத்தது. திரை வெறுமையாகி, வேகமும் எச்சரிக்கை விளக்குகளும் தெரியாமல் போகலாம் என்பதுதான் குறை. அப்டேட் அனுப்பிச் சரிசெய்தார்கள். தூத்துக்குடியில் உருவாகும் விஎஃப் 7இலும் ஓட்டுநருக்கு நேரே தனி மீட்டர் பலகை இல்லை.

ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹாரன், வைபர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் ஸ்விட்ச் இல்லையென்றால் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது கடினம் என்று 2026 முதல் விதியை இறுக்கியிருக்கிறது. நம் ஷோரூம்களிலோ திரை எத்தனை அங்குலம் என்பதே முதல் பேச்சு. டெஸ்ட் டிரைவ் போகும் முன், வண்டி நிற்கும்போதே அந்தத் திரையை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அது திரும்பி வரும்வரை வேகம் எங்கே தெரியும், கண்ணாடிப் பனியை எப்படி விலக்குவது, ரிவர்ஸில் பின்னால் நிற்கும் பிள்ளையை எதில் பார்ப்பது என்று அங்கேயே கேளுங்கள்.