பளிங்காகும் கண்ணாடி

கண்ணாடி என்றதும் ஒளி ஊடுருவும் பொருளே நம் நினைவுக்கு வரும். விஞ்ஞானிக்கோ அச்சொல் அணுக்களும் மூலக்கூறுகளும் ஒழுங்கின்றி உறைந்து நிற்கும் நிலையைக் குறிப்பது. கற்கண்டும் கண்ணாடி மிட்டாயும் சீனியால் ஆனவையே. பாகு ஆறுதலாக இறுகினால் மூலக்கூறுகள் அணிவகுத்துக் கற்கண்டாகின்றன; சட்டென ஆறினால் நின்ற நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. முன்னது பளிங்கு; பின்னது கண்ணாடி.

உருகிய உலோகம் ஆறும்போது இயல்பாகப் பளிங்காகவே இறுகும். அதன் அணுக்கள் அத்துணை விரைவில் அணிவகுக்க வல்லன. அதற்கு அவகாசங் கொடாது, பொன்னும் சிலிக்கனும் கலந்த உருகலைச் செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை என்னும் வேகத்திற் குளிர்வித்து, கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்துப் போல் டுவெஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1960இல் முதல் உலோகக் கண்ணாடியை ஆக்கினர். அஃது ஒளி புகாத கண்ணாடி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அலுமினியம் இதற்கு எளிதில் இணங்கவில்லை. 1988இலேதான் அமெரிக்காவின் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தாரும் யப்பானின் தோஹொக்குப் பல்கலைக்கழகத்தாரும், இரும்பு அல்லது நிக்கலோடு இற்றியம், சீரியம் போன்ற அருமண் உலோகங்களையுஞ் சிறிதளவு சேர்த்து, மடித்தாலும் முறியாத அலுமினியக் கண்ணாடி நாடாக்களைப் பெற்றனர். விரைந்து சுழலும் செப்புச் சக்கரத்தின்மேல் உருகலைப் பீச்சுவதே வழி. நாடாவின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்கு.

இந்நாடாவைச் சூடேற்றினால் யாது நிகழும்? நூறு அணுக்களில் 88 அலுமினியம், 7 இற்றியம், 5 இரும்பு கொண்ட கலப்பை எடுத்துக்கொள்வோம். தூய அலுமினியம் உருக 660 பாகை செல்சியஸ் வேண்டும். இதுவோ ஏறத்தாழ 275 பாகையிலேயே, திண்மமாக இருந்தபடியே, வெப்பத்தை வெளிவிட்டு மாறத் தொடங்குகிறது. கண்ணாடிக்குள் அலுமினியப் பளிங்குகள் முளைக்கின்றன. ஒரு கன மில்லிமீற்றருக்குள் அவை இலட்சங் கோடியையும் மிஞ்சும்! ஒவ்வொன்றின் அகலமும் மில்லிமீற்றரில் நூறாயிரத்திலொரு பங்களவே.

அவை ஏன் பெருத்து வளர்வதில்லை? அலுமினியப் பளிங்கில் இற்றியத்துக்கு இடமில்லை. வெளியே தள்ளப்பட்ட இற்றிய அணுக்களோ உருவிற் பெரியன. திருவிழா நெரிசலிற் சிக்கிய பருத்த மனிதரைப்போல விலகிச் செல்லமாட்டாமல் பளிங்கைச் சூழ்ந்து நிற்கின்றன. தான் தள்ளியவற்றாலேயே பளிங்கு வேலியிடப்படுகிறது. இவ்வளர்ச்சித் தடையை விளங்கிக்கொள்ளலாம்; இத்தனை கோடி முளைகள் எங்கிருந்து வந்தன என்பதிலேதான் பிணக்கு. குளிர்விக்கும்போதே வித்துக்கள் உறைந்துவிட்டன என்பார் ஒரு சாரார். சூடேறுகையில் கண்ணாடியே அலுமினியம் மிக்க பகுதியாகவும் குறைந்த பகுதியாகவும் பிரிகிறது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பக்கமே என் மனம் சாய்கிறது.

பளிங்காதல் கண்ணாடிக்கு முடிவென்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அதனைப் பாதிவழியில் நிறுத்தினால் உலோகம் முன்னையினும் வலிமை பெறுகிறது. விமானங்களுக்கு வழங்கும் உறுதிமிக்க அலுமினியக் கலப்பிற் செய்த, ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய கம்பி, 58 கிலோகிராம் அளவைத் தாங்கும். இத்தகைய நுண்பளிங்குகள் விரவிய கண்ணாடியோ அதே பரப்புக்கு 150 கிலோகிராமுக்கு மேலும் தாங்கியுள்ளது. பளிங்குகள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை மிஞ்சினால் நாடா நொறுங்குந் தன்மை அடைகிறது. மேலுஞ் சூடேற்றின், எஞ்சிய கண்ணாடியும் அலுமினியம் பிற உலோகங்களோடு கூடிய சேர்வைகளாக மாறிவிடும். பெற்ற வலிமையும் போய்விடும்.

நாடாவைக்கொண்டு விமானம் கட்ட முடியாது. கண்ணாடித் தூளைச் சூட்டோடு அழுத்திப் பெரிய கட்டியாக்க வேண்டும். அழுத்துவதற்கு இளகவேண்டிய சூடும், பளிங்கு முளைக்குஞ் சூடும் ஒன்றையொன்று நெருங்கியே இருக்கின்றன. அந்தச் சில பாகை இடைவெளிக்குள்ளேதான் ஆய்வாளர்கள் வேலை செய்யவேண்டியிருக்கிறது.