சட்டமில்லாத சீமை என்று சொன்னது யார்?



உங்களில் சிலரும் என் பேரனும் லீவு நாட்களில் கூடி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பேர். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, வாயாலேயே கதையை நடத்திக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதைகளில் தவறாமல் ஓர் எல்லைப்புறச் சீமை வருகிறது. அங்கே ராஜா இல்லை, சட்டம் இல்லை, கத்தி வைத்திருப்பவன் சொன்னதே நியாயம். இதற்கு மாதிரி தேடி அமெரிக்காவின் கௌபாய் காலத்துக்குப் போகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் போதும் என்பது என் கட்சி.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. 1801-ல் கர்நாடகம் முழுவதும் கும்பெனி கைக்குப் போனது. இடைப்பட்ட 65 வருஷத்தில் நம் மலையடிவாரம் யாருடையது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. வரி எனக்குத்தான் என்றார் ஆற்காட்டு நவாப். அவருக்குக் கடன் கொடுத்திருந்த கும்பெனி, நாங்களே வசூலித்துக்கொள்கிறோம் என்றது. தெற்கே களக்காட்டுக்குத் திருவிதாங்கூர் உரிமை கொண்டாடியது. சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், நெற்கட்டும்செவல் என்று பக்கத்துப் பக்கத்தில் பாளையங்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கப்பம் கட்ட முடியாது என்று நின்றார். அவர்களை அடக்கக் கும்பெனி அனுப்பிய யூசுப் கான், கடைசியில் தானே கும்பெனியை எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கில் தொங்கினார்.

ஆக, இங்கே சட்டம் இல்லாமல் போகவில்லை. சட்டம் பேசுகிறவர்கள் அதிகமாகிப் போனார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஊருக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு கிராமத்தைக் காப்பது தலக்காவல்; பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல். விளைச்சலில் ஒரு பங்கு காவல்காரருக்கு. மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். இன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி செய்கிற வேலை! பழசு என்பதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். காவல் கூலி தராத ஊரில் மாடு காணாமல் போவதும் உண்டு. போன மாட்டைத் திரும்பப் பெற ‘துப்புக்கூலி’ கட்ட வேண்டியிருந்ததும் உண்டு. ஏழைக் குடியானவனுக்கு இரண்டு பக்கமும் அடிதான்.

அப்படியானால் ‘சட்டமில்லாதவன்’ யார்? 1798-ஐப் பாருங்கள். கப்பப் பாக்கிக்காகக் கட்டபொம்மனை நேரில் வரச் சொன்னவர் கலெக்டர் ஜாக்சன். கட்டபொம்மன் குற்றாலம் போனார், பார்க்கவில்லை. சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் முகாம் போன இடமெல்லாம் பின்னால் போனார், பார்க்கவில்லை. நம் ஊர் வழியாகத்தான் அந்த அலைச்சல். கடைசியில் செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அது கைகலப்பில் முடிந்தது. விசாரணைக்குப் பிறகு சென்னை அரசாங்கம் பதவியிலிருந்து நீக்கியது ஜாக்சனைத்தான். ஆனாலும் அடுத்த வருஷம், 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாறில் தூக்குக்குப் போனது கட்டபொம்மன்.

கணக்கு எழுதுகிறவன் கையில்தான் பேர் வைக்கும் உரிமையும் இருக்கிறது. வரி வராத சீமைக்கு அவன் வைத்த பேர் ‘சட்டமில்லாத சீமை’.

அந்தப் பேர் ஏட்டோடு நிற்கவில்லை. கோட்டைகள் இடிக்கப்பட்டன, 1803-ல் பாளையங்கள் ஜமீன்களாயின, காவல் உரிமை பறிபோனது. 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரைக் காவல் காத்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர், ஒரு குற்றமும் செய்யாமலே ரேகை வைத்து, ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. 1947-ல்தான் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. என் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களின் தாத்தாக்கள் பட்ட பாடு இது. பிறப்பைப் பார்த்து ஒருவனைத் திருடன் என்று எழுதிய சட்டத்தைவிடச் சட்டமற்றது வேறென்ன இருக்கிறது?

விளையாடுங்கள், நான் தடுக்கவில்லை. நல்ல கதை சொல்லத் தெரிந்தவன் நல்ல மனுஷனாக இருப்பான் என்று நம்புகிறவன் நான். ஆனால் அடுத்த முறை உங்கள் கதையில் அப்படியொரு சீமை வந்தால், பகடை உருட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே வரி கேட்பவர்கள் எத்தனை பேர்? ராத்திரியில் காவல் காப்பது யார்? அதற்குச் ‘சட்டமில்லாத சீமை’ என்று பேர் வைத்தவன், அந்தப் பேரால் அடைந்த லாபம் என்ன?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கதையும் ருசிக்கும், செய்தித்தாளில் ஒரு ஊரையோ ஒரு கூட்டத்தையோ அப்படி எழுதும்போது சட்டென்று நம்பிவிடவும் மாட்டீர்கள்.