நாலு ஸ்க்ரூவுக்கு 42,000 ரூபாயா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டு டெஸ்க்டாப் மூன்று மாதமாகப் படுத்துகிறது. ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லை. "சார், இது எட்டு வருஷ மெஷின். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசு 42,000-க்கு வரும். பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க, ஏதாவது கழிச்சுத் தர்றேன்" என்றார்.

பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு! விடைத்தாளைப் பிரிக்காமல் மார்க் போடுகிற வாத்தியாரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து நானே திறந்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி செல்போனில் டார்ச் அடித்தாள். "அப்பா, ஷாக் அடிக்கும், தொடாதீங்க" என்று மகள் போனிலேயே கத்தினாள். மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தேன். பிறகு பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டேன், நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போவதற்காக. எட்டாம் வகுப்புப் பாடம்தான் இது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்துக் காட்டினேனே, அதே சமாச்சாரம்.

பழுதானது கம்ப்யூட்டர் அல்ல, ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதற்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டின் மேல் இங்கும் அங்கும் ஓடித் தேட வேண்டும். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் 24 அங்குலத் தட்டுகள் 50 வைத்து முதல் டிஸ்கைச் செய்தபோதும் இதே தத்துவம்தான். ஓடுகிற பொருள் தேயும். மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு செருப்பு வார் அறுந்ததற்குக் காலையே மாற்றச் சொன்னால் எப்படி?

500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். அதில் சுழலும் தட்டு இல்லை. விலை, அவர் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முக்கியமான கோப்புகளை முதலில் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு பழைய டிஸ்கின் நாலு ஸ்க்ரூவையும் இரண்டு கேபிளையும் கழற்றினேன். இரண்டும் சாட்டா கேபிள். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தரவுக்கு. இரண்டின் வாயும் 'எல்' வடிவம், தலைகீழாகச் செருகவே முடியாது. நம்மைப் போன்றவர்கள் மாட்டட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்! விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். ஏற்கெனவே முறையாகப் பதிவான உரிமம், இணையம் கிடைத்ததும் தானே வந்துவிட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் தடவை ஓடவில்லை. பவர் கேபிளை நான் முழுசாக அழுத்தவில்லை. கண்டுபிடித்தவள் பேத்தி. இரண்டாம் தடவை அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது. 500 வாங்கினால் 465 என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா என்று பதறாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. கணக்கு சரிதான்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். "பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றாரே, அதில் என்ன இருந்தது தெரியுமா? என் பென்ஷன் தாள்கள், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், 30 வருடத்து வகுப்புப் போட்டோக்கள், உங்கள் டீச்சரம்மா, அதாவது என் மனைவி, கடைசியாகப் பேரன் பிறந்தநாளுக்குப் பாடிய பாட்டு. "அழிச்சிட்டுத்தான் சார் விப்போம்" என்பார்கள். ஹார்ட் டிஸ்கில் சாதாரணமாக அழிப்பது என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. பாடமெல்லாம் உள்ளேயே இருக்கும், தெரிந்தவன் எடுத்துவிடுவான். 42,000 ரூபாயும் கொடுத்து, வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதா?

கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்கள் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. பவர் சப்ளைப் பெட்டியை நாங்கள் பிரிக்கக் கூடாது. டிஸ்கைப் பிரிக்கவே கூடாது, தூசி பட்டால் தீர்ந்தது. நகல் எடுக்காத டிஸ்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அங்கே உங்கள் உழைப்புக்குக் கூலி கேளுங்கள், மரியாதையோடு தருகிறோம். ஆனால் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. நல்லது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாலே பயப்படுகிறவனுக்கு எந்த உரிமையைக் கொடுத்து என்ன பயன்?

அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன். நம் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நீலத்துணி போட்டு மூடி, செருப்பை வெளியே விடச் சொல்லி, தள்ளி நின்று பார்க்க வைத்தோம். ஒரு பையன், "சார், உள்ள என்ன சார் இருக்கு?" என்று கேட்டான். "தொட்டே, கை இருக்காது" என்றேன். அறிவியல் வாத்தியார் சொல்லக்கூடிய பதிலா அது? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் அதட்டினேன். தம்பி, நீ இதைப் படித்தால், இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். முதலில் முக்கியமான போட்டோக்களையும் தாள்களையும் இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். ஒரே டிஸ்கில் இருப்பது இல்லாததற்குச் சமம். பிறகு வாரண்டி முடிந்து மூலையில் கிடக்கிற கம்ப்யூட்டரை வரும் ஞாயிற்றுக்கிழமை திறங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஸ்க்ரூ டிரைவரை அவர்கள் கையில் கொடுங்கள். "தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

திறந்தவர்கள் போட்டோ போடுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் இந்தத் தடவை அதட்ட மாட்டேன், சேர்ந்தே பார்ப்போம்.